அந்த அம்மா எங்கே என்று உங்களுக்கு எப்படித் தெரியும்?

கன்வென்ஷன் மேடைகளில் செய்தி அளிக்கும் ஊழியர்களுக்கும், அவர்களை அழைத்து வரும் சேகரகுருமார்களுக்கும், சபை மூப்பர்களுக்கும் கிறிஸ்துவுக்குள் ஸ்தோத்திரம்.

நான் திருநெல்வேலிச் சீமையில் ஒரு சேகரத்தில் முப்பது வருடங்களுக்கு மேலாக ஞாயிறு பள்ளி நடத்துகிறவள். வேதாகமக் கல்லூரி வாசலை மிதித்ததில்லை. நீங்கள் பேசிவிட்டு அடுத்த ஊருக்குக் கார் ஏறிய பிறகு, கேட்டவர்கள் கேள்விகளோடு வந்து உட்காருவது எங்கள் வீட்டுத் திண்ணையில்தான். அந்த உரிமையில் எழுதுகிறேன்.

போன வருடக் கூட்டத்தில் இரண்டாம் நாள் இரவு பேசியவரின் பெயரை இங்கே சொல்லப்போவதில்லை. அவர் ஒருவர் மட்டும் அப்படிப் பேசுகிறவராக இருந்தால் அவருக்கே தபால் போட்டிருப்பேன். அவர் கைக்கடிகாரத்தைக் கழற்றி மைக்குக்கு அருகில் பிடித்தார். ஒவ்வொரு துடிப்புக்கும் இத்தனை பேர் சுவிசேஷத்தைக் கேட்காமலே செத்து நரகத்தில் விழுந்துகொண்டிருக்கிறார்கள் என்றார். ஒரு நிமிடம் எல்லாரையும் மௌனமாக இருந்து அந்தச் சத்தத்தைக் கேட்கச் சொன்னார். கேட்டோம். பிறகு காணிக்கைப் பை வந்தது.

எங்கள் சபையில் ஐந்து வருடங்களுக்கு முன் ஞானஸ்நானம் பெற்ற ஒரு பெண் இருக்கிறார். மலையடிவாரத்துக் கிராமத்தில் பிறந்தவர். அவருடைய அம்மா பீடி சுற்றி நான்கு பிள்ளைகளைக் காப்பாற்றியவர். இவருக்குப் பன்னிரண்டு வயதானபோது இறந்துபோனார். இயேசு என்ற பெயரை அந்த அம்மா ஏதாவது ஒரு பஸ்ஸின் கண்ணாடியில் பார்த்திருக்கலாம். ஆனால் அவருக்குப் படிக்கத் தெரியாது. கூட்டம் முடிந்த மறுநாள் காலையில் மகள் என்னிடம் வந்தார். அழவில்லை. கணக்குக் கேட்பதுபோல் கேட்டார்: "டீச்சர், அம்மா அங்கே என்றால், அம்மா இல்லாத இடத்துக்கு நான் மட்டும் போய் என்ன செய்ய?"

என்னிடம் உடனே பதில் இல்லை. காப்பி போட்டுக் கொடுத்தேன்.

இந்தக் கேள்வி பழையது என்று பிறகு தெரிந்துகொண்டேன். இன்றைய நெதர்லாந்துக் கடற்கரைப் பக்கமிருந்த ஃபிரீசிய நாட்டு ராஜா ராட்போடைப் பற்றி ஒரு கதை உண்டு. கிறிஸ்தவனாகத் துணிந்து, ஞானஸ்நானத் தொட்டியில் ஒரு காலை வைத்துவிட்டு, செத்துப்போன என் முன்னோர்கள் எங்கே என்று கேட்டானாம். நரகத்தில் என்று பதில் வந்ததும், காலை வெளியே எடுத்துக்கொண்டானாம். அவன் 719இல் இறந்தவன். கதை பின்னால் எழுதப்பட்டது, நடந்ததா என்று வரலாற்றாசிரியர்கள் சந்தேகப்படுகிறார்கள். போகட்டும். சந்தேகத்துக்கு இடமில்லாத சாட்சி ஒன்று நமக்கு மிகவும் பக்கத்திலேயே இருக்கிறது.

கத்தோலிக்க மிஷனெரி பிரான்சிஸ் சவேரியார் 1542இல் நம் முத்துக்குளித்துறைக்கு வந்தவர். ஜெபங்களைத் தமிழில் எழுதி வாங்கி, மனப்பாடம் செய்து, கையில் மணியோடு கடற்கரை ஊர்களில் நடந்தவர். அவர் 1549இல் ஜப்பானுக்குப் போய், இரண்டு வருடங்களுக்கு மேல் அங்கே இருந்து திரும்பி, 1552 ஜனவரியில் கொச்சியிலிருந்து ஒரு நீண்ட கடிதம் எழுதினார். புதிதாக விசுவாசித்த ஜப்பானியரை எல்லாவற்றையும்விட வாட்டியது எது என்று அதில் சொல்கிறார். செத்துப்போன அப்பாவும் அம்மாவும் பிள்ளைகளும் நரகத்திலிருந்து மீளவே முடியாதா, நாங்கள் ஜெபித்தால், தர்மம் செய்தால் ஏதாவது வழி உண்டா என்று அவர்கள் அழுதுகொண்டே கேட்டிருக்கிறார்கள். ஒரு வழியும் இல்லை என்றுதான் சவேரியார் சொன்னார். அவர் காலத்துப் போதனை அதுதான். ஆனால் அதை எழுதும்போது, தம் அன்புக்குரிய இந்த மனிதர்கள் இப்படி வேதனைப்படுவதைப் பார்த்துத் தமக்கும் கண்ணீர் முட்டியது என்று மறைக்காமல் எழுதுகிறார்.

ஊழியர்களே, என்னை உறுத்துவது இந்த இடம். சவேரியார் உங்களைவிடக் கடுமையான போதனை உடையவர். ஆனாலும் அழுதார். உங்கள் மேடையில் கடிகாரம்தான் இருந்தது.

அதே கடிதத்தில் இன்னொன்றும் இருக்கிறது. உங்கள் கடவுள் நல்லவரானால் இத்தனை காலம் எங்களுக்குத் தம்மை ஏன் வெளிப்படுத்தவில்லை என்று யமகுச்சி ஊர்க்காரர்கள் மடக்கினார்கள். சவேரியார் சொன்ன பதில்: சீனாவிலிருந்து எந்த மதமும் வருவதற்கு முன்பே, கொலை தீது, திருட்டு தீது, பொய்ச்சாட்சி தீது என்று உங்களுக்குத் தெரிந்திருந்தது, யாரும் கற்றுக்கொடுக்காமல் காட்டில் வளர்ந்தவனுக்கும் தெரியும், அதை இருதயத்தில் எழுதியவர் அவர்தான். ஆக, ஒரே கடிதத்தில், சில பக்க இடைவெளியில், கதவு பூட்டியிருக்கிறது என்றும் உள்ளே வெளிச்சம் இருந்தது என்றும் அந்த மனிதர் எழுதியிருக்கிறார். இரண்டையும் பொருத்திப் பார்க்க அவருக்கு நேரம் கிடைக்கவில்லை. அந்த வருடமே டிசம்பர் 3ஆம் தேதி சீனக் கரையோரத் தீவு ஒன்றில் இறந்துபோனார்.

"சபை ஆதிமுதல் இதைத்தான் போதிக்கிறது" என்று நீங்கள் சொல்வதால், தெரிந்த அளவில் கொஞ்சம் சொல்கிறேன். இரண்டாம் நூற்றாண்டிலேயே, இரத்தசாட்சியான யுஸ்தீனு, வார்த்தையானவராகிய கிறிஸ்துவுக்கு இசைய வாழ்ந்தவர்கள் கிறிஸ்தவர்களே என்று எழுதி, அவருக்கு முந்தின கிரேக்க ஞானிகளான சாக்ரடீஸையும் ஹெராக்ளிட்டஸையும் பெயர் சொல்லிச் சேர்த்துக்கொண்டார். "சபைக்கு வெளியே இரட்சிப்பு இல்லை" என்ற வாக்கியத்தை மூன்றாம் நூற்றாண்டில் கார்த்தேஜ் பேராயர் சிப்ரியான் எழுதியபோது அவர் மனதில் இருந்தது சபையை உடைத்துக்கொண்டு போனவர்கள். மலைக்கு அப்பால் பீடி சுற்றுகிற தாய் அவர் மனதில் இல்லை. பிற்பாடு அகுஸ்தீன் கடுமையாக்கினார். 1442இல் ஃபிளாரன்ஸ் சங்கம் என்ற கத்தோலிக்கப் பொதுச்சபை, புறமதத்தார் சாவதற்கு முன் சபையில் சேராவிட்டால் நித்திய அக்கினிக்குப் போவார்கள் என்றே தீர்மானம் எழுதியது. அது எழுதப்பட்ட நேரத்தில், உலகம் பூராவும் ஏதோ ஒரு விதத்தில் சுவிசேஷம் போய்ச் சேர்ந்துவிட்டது, சேராதவன் வேண்டுமென்றே மறுத்தவன் என்றுதான் ஐரோப்பாவில் பெரும்பாலானோர் நினைத்திருந்தார்கள்.

சரியாக ஐம்பது வருடம். 1492இல் கொலம்பஸ் கப்பல் ஒரு கரையில் முட்டியது. அங்கே ஒரு கண்டம் நிறைய மனிதர்கள். அவர்களில் ஒருவரும் எதையும் மறுத்திருக்கவில்லை, ஏனென்றால் ஒருவரும் எதையும் கேட்டிருக்கவில்லை. அதற்குப் பிறகு தீர்மானத்தைப் படித்துப் பார்த்த வேதசாஸ்திரிகளுக்குத் தூக்கம் கெட்டிருக்க வேண்டும். ஸ்பெயின் நாட்டுச் சலமன்காவில் டொமினிக்கன் துறவி விட்டோரியா, ஒருபோதும் கேள்விப்படாதவர்கள்மேல் அவிசுவாசம் என்ற பாவத்தைச் சுமத்த முடியாது என்று 1539இல் பாடம் நடத்தினார். அந்தத் திசையில் நடந்து நடந்து, 1964 நவம்பரில் இரண்டாம் வத்திக்கான் சங்கம், தங்கள் குற்றமின்றிக் கிறிஸ்துவை அறியாதவர்களாய், உண்மை மனதோடு தேவனைத் தேடி, மனசாட்சியின்படி நடக்க முயல்கிறவர்களும் இரட்சிப்படைய முடியும் என்று எழுதி வைத்தது.

"அது கத்தோலிக்கர் காரியம்" என்பீர்கள். சரி, நம்முடையவர்களிடமே வருவோம். சீர்திருத்தக்காரர் ஸ்விங்லி 1531இல், சாக்ரடீஸையும் ரோமரான கேட்டோவையும் பரலோகத்தில் சந்திப்பீர்கள் என்று பிரான்ஸ் ராஜாவுக்கே எழுதினார். ஹெர்குலிஸையும் சேர்த்துக்கொண்டது கொஞ்சம் அதிகம்தான். அதைப் பார்த்து லூத்தர் கொதித்துப்போனார். பிரெஸ்பிட்டேரியன் சபைகளின் விசுவாசப் பிரமாணமான வெஸ்ட்மின்ஸ்டர் அறிக்கை லூத்தரைப் போலக் கறார். ஆனால் நீங்கள் மேடைக்கு மேடை மேற்கோள் காட்டுகிற, மெதடிஸ்ட் இயக்கத்தைத் தொடங்கிய ஜான் வெஸ்லி, குதிரைமேல் நாடு முழுக்கச் சுற்றிப் பிரசங்கித்த அதே வெஸ்லி, 87 வயதில், 1790இல் எழுதிய பிரசங்கத்தில், புறமத உலகம் முழுவதையும் ஆக்கினைக்குத் தீர்க்க உயிரோடிருக்கும் எந்த மனுஷனுக்கும் உரிமை இருப்பதாகத் தமக்குத் தோன்றவில்லை, அவர்களை உண்டாக்கினவரிடமே அவர்களை விட்டுவிடுவது மேல் என்கிறார். "புறம்பே இருக்கிறவர்களைக்குறித்துத் தீர்ப்புசெய்கிறது என் காரியமா?" என்று பவுல் கொரிந்தியருக்கு எழுதிய வசனத்தில்தான் அவர் நிற்கிறார்.

1974இல் சுவிட்சர்லாந்தின் லொசான் நகரத்தில் கூடிய சுவிசேஷகர் மாநாட்டு உடன்படிக்கையும் உங்களுக்குத் தெரியும். இயற்கையின் மூலம் கிடைக்கும் தேவ அறிவு மட்டும் இரட்சிக்காது என்று அது சொல்கிறது. அதன் வாசகத்தை வரைவதில் தலைமை வகித்தவர் ஆங்கிலேயக் குருவானவர் ஜான் ஸ்டாட். அவரே 1988இல், கேள்விப்படாதவர்களின் முடிவு நமக்குத் தெரியாது என்று ஒப்புக்கொள்வதே கிறிஸ்தவனுக்குத் தகுந்த நிலை என்று எழுதினார். கடிகாரம் பிடித்த நம் பேச்சாளரைவிட ஸ்டாட் வேதத்தைக் குறைவாகப் படித்தவர் என்று யாரும் சொல்லமாட்டீர்கள்.

இனி வசனத்துக்கு வருகிறேன், ஏனென்றால் பெயர்களை அடுக்குவதால் சத்தியம் நிலைநாட்டப்படுவதில்லை என்று நீங்கள் சொல்வது சரிதான்.

"அவராலேயன்றி வேறொருவராலும் இரட்சிப்பு இல்லை." அப்போஸ்தலர் 4:12. இதை நான் முழு மனதோடு நம்புகிறேன். ஞாயிறு பள்ளிப் பிள்ளைகளுக்கு மனப்பாடமாகச் சொல்லிக்கொடுத்திருக்கிறேன். ஆனால் அது இரட்சிக்கிறவர் யார் என்று சொல்கிற வசனம். இரட்சிக்கப்படுகிறவனுக்கு எவ்வளவு தெரிந்திருக்க வேண்டும் என்று அங்கே அளவு போடவில்லை. எங்கள் தெருப் பையன் ஒருவனுக்குக் கல்லூரிக் கட்டணம் கட்டியவர் யார் என்று இன்றுவரை அவனுக்குத் தெரியாது. கட்டியவர் ஒருவர்தான், அவரன்றி அவன் படித்திருக்க முடியாது.

இது என் கெட்டிக்காரத்தனம் என்று நினைத்தால், உங்கள் ஊழியத்திலேயே பாருங்கள். மூன்று மாதக் குழந்தை இறந்துபோகிறது. அடக்க ஆராதனைக்கு வருகிறீர்கள். அந்தப் பெட்டியின் பக்கத்தில் நின்று என்ன சொல்கிறீர்கள்? "பரலோக ராஜ்யம் அப்படிப்பட்டவர்களுடையது" என்கிறீர்கள். எல்லாருந்தான். இத்தனை வருடத்தில் எந்தக் குருவானவரும் வேறு வார்த்தை சொல்லி நான் கேட்டதில்லை. அந்தக் குழந்தை சுவிசேஷத்தைக் கேட்டதா? விசுவாச அறிக்கை செய்ததா? அறியாமலே கிறிஸ்துவால் இரட்சிக்கப்பட ஒரு வாசல் உண்டு என்று அந்த மண் மேட்டின்மேல் நின்று நீங்களே சாட்சி சொல்கிறீர்கள். பிறகு அந்த வாசலின் அளவை ஒரு தொட்டிலுக்கு ஏற்றபடி நீங்களே குறித்துக்கொள்கிறீர்கள். பேச்சு வராத, மூளை வளர்ச்சி குன்றிய பெரியவர்களுக்கும் சேர்த்துக் கொஞ்சம் அகலமாக்குகிறீர்கள். அவர்களுக்கு அப்பால் இருப்பவர்களுக்குப் போதாது என்று அளந்து சொன்னவர் யார்? பெரியவர்கள் தெரிந்தே பாவம் செய்தவர்கள் என்பீர்கள். செய்தவர்கள்தான். ஆனால் அவர்களுக்கு எவ்வளவு தெரியும், கிடைத்த வெளிச்சத்தில் அவர்கள் எப்படி நடந்தார்கள் என்ற கணக்கு யார் கையில் இருக்கிறது? எஜமானுடைய சித்தத்தை அறியாதவனுக்குச் சில அடிகள், அறிந்தும் செய்யாதவனுக்கு அநேக அடிகள் என்று கர்த்தர் சொன்னது மேடைப் பிரசங்கங்களில் வருவதே இல்லை. அதை ஒரு தரம் நமக்கு நாமே வாசித்துக் காட்டிக்கொண்டால் நல்லது, அறிந்தவர்கள் நாம்தானே.

ரோமர் 10தான் உங்கள் கோட்டை. "அவரைக்குறித்துக் கேள்விப்படாதவர்கள் எப்படி விசுவாசிப்பார்கள்?" கடிகாரக்காரரும் இதைத்தான் வாசித்தார். பதினான்காம் வசனத்தை வாசித்து, பதினைந்தில் சுந்தரமான பாதங்களைப் பற்றிச் சொல்லி, வேதத்தை மூடிவிட்டார். பதினெட்டுவரை போயிருந்தால், "அவர்கள் கேள்விப்படவில்லையா என்று கேட்கிறேன்" என்று பவுல் தன்னையே மடக்குவது தெரிந்திருக்கும். "கேள்விப்பட்டார்கள்" என்று அவரே பதில் சொல்லிவிட்டு, அதற்கு ஆதாரமாக எதைக் காட்டுகிறார்? வானங்கள் தேவனுடைய மகிமையை வெளிப்படுத்துகிறது என்று பாடுகிற 19ஆம் சங்கீதத்தை. பவுல் அங்கே இஸ்ரவேலைப் பற்றிப் பேசுகிறார், சங்கீத வரியை அப்போஸ்தலரின் பிரசங்கத்துக்கு உவமையாக எடுக்கிறார் என்று விளக்க நூல்களில் இருக்கிறது, அதையும் படித்தேன். அப்படியே இருக்கட்டும். அந்த அதிகாரம் முழுவதும் ஊழியக்காரனைப் போகச் சொல்லித் தூண்டுகிறது. செத்தவர்களின் பட்டியலை வாசிக்கும் அதிகாரம் அது இல்லை.

பவுலே அத்தேனே பட்டணத்தில், "அறியாமையுள்ள காலங்களை தேவன் காணாதவர்போலிருந்தார்" என்று பேசியவர். பேதுரு புறஜாதியானான கொர்நேலியு வீட்டில் போய் நின்று, தேவன் பட்சபாதமுள்ளவரல்ல, எந்த ஜனத்திலாயினும் அவருக்குப் பயந்து நீதியைச் செய்கிறவன் அவருக்கு உகந்தவன் என்று ஆச்சரியப்பட்டவர். ஆபிரகாமை ஆசீர்வதித்த மெல்கிசேதேக்கு எந்தச் சபையில் உறுப்பினன்? ஊத்ஸ் தேசத்து யோபுவுக்கு யார் போய்ச் சுவிசேஷம் சொன்னது?

மறுபக்கத்துக்கும் ஒரு வார்த்தை. "எல்லா ஆறும் ஒரே கடலுக்கு" என்று சிரித்துக்கொண்டே பேசுகிற குருமார்களும் இப்போது இருக்கிறார்கள். அந்தப் பெண்ணுக்கு அந்தப் பதிலைக் கொடுக்கவும் எனக்கு மனம் வரவில்லை. அம்மா நிச்சயம் பரலோகத்தில்தான் என்று நான் சொன்னால், கடிகாரக்காரர் உட்கார்ந்த அதே நாற்காலியில் நானும் உட்கார்ந்ததாகும். தீர்ப்பு மட்டும் வேறு. கார்ல் ரானர் என்ற கத்தோலிக்க வேதசாஸ்திரி, இப்படிப்பட்டவர்களைப் பெயரறியாக் கிறிஸ்தவர்கள் என்று அழைத்தார். நல்லெண்ணத்தில் சொன்னார் என்று தெரிகிறது. ஆனால் நமக்குத் தெரியாமல் நம்மை யாராவது பெயரறியாச் சைவர் என்று பதிவேட்டில் எழுதிக்கொண்டால் நமக்கு எப்படி இருக்கும்?

இத்தாலியக் கவிஞர் தாந்தே இந்தக் கேள்வியைக் கேட்கும்போது நம் பக்கத்து நதியைத்தான் உதாரணமாக எடுத்தார் என்பது எனக்கு வியப்பாக இருந்தது. சிந்து நதிக்கரையில் ஒருவன் பிறக்கிறான். கிறிஸ்துவைப் பற்றிச் சொல்ல அங்கே ஆளில்லை. சொல்லிலும் செயலிலும் குற்றமின்றி வாழ்ந்து ஞானஸ்நானம் இல்லாமல் சாகிறான். அவனைத் தண்டிக்கிற நீதி எது என்று அவருடைய காவியத்தில் கேள்வி எழுகிறது. ஒரு சாண் தூரம்கூடத் தெளியாத கண்ணை வைத்துக்கொண்டு ஆயிரம் மைலுக்கு அப்பால் உள்ளதைத் தீர்க்க நியாயாசனத்தில் உட்காருகிற நீ யார் என்று பதில் வருகிறது. கேள்வி கேட்டவனுக்குக் கிடைத்த திட்டு அது. ஆனால் பதில் சொல்லத் துடிக்கிற நமக்கும் அது பொருந்தும். சற்றுத் தள்ளி, "கிறிஸ்துவே, கிறிஸ்துவே" என்று கூப்பிடுகிற பலர், நியாயத்தீர்ப்பு நாளில், அவரை அறியாதவனைவிட அவருக்குத் தூரமாக நிற்பார்கள் என்றும் வருகிறது.

தென்னிந்தியத் திருச்சபை 1947 செப்டம்பர் 27 அன்று உருவானபோது அதன் முதல் பேராயர்களில் ஒருவர் லெஸ்லி நியூபிகின். மதுரை-இராமநாதபுரம் திருமண்டலத்துக்கு முப்பத்தேழு வயதில் பேராயரானார். பின்னாளில் சென்னைப் பேராயர். கிறிஸ்துவின் தனித்தன்மையை அவர் அளவுக்கு விட்டுக்கொடுக்காமல் வாதாடியவர் அந்தத் தலைமுறையில் குறைவு. அவர் இந்தக் கேள்விக்கு மட்டும் பதில் சொல்ல மறுத்துவிட்டார். லூக்கா 13ஐக் காட்டினார். "ஆண்டவரே, இரட்சிக்கப்படுகிறவர்கள் சிலபேர்தானோ?" என்று ஒருவன் கர்த்தரிடமே கேட்டான். எண்ணிக்கை சொல்ல அதைவிட நல்ல சந்தர்ப்பம் கிடைக்காது. கர்த்தர் சொல்லவில்லை. "இடுக்கமான வாசல்வழியாய் உட்பிரவேசிக்கப் பிரயாசப்படுங்கள்" என்று கேட்டவனைத் திருப்பி அவன் காலடியைப் பார்க்க வைத்தார். அவர் சொல்ல மறுத்த எண்ணிக்கையை நம் மேடையில் கடிகாரம் வைத்துச் சொல்கிறோம்.

அப்படியானால் மிஷனெரி ஊழியம் எதற்கு என்று கேட்பீர்கள். வாலிபர் கூட்டத்தில் ஒரு பையன் இன்னும் ஒரு படி மேலே போனான்: கேட்காதவன் தப்பிப்பான் என்றால் சொல்லாமல் இருப்பதே உபகாரம் அல்லவா என்றான். கேட்காததால் தப்பிப்பான் என்று யாரும் சொல்லவில்லை, தம்பி, உட்காரு என்றேன். நம் திருநெல்வேலி சபையார் 1903இல் இந்திய மிஷனெரி சங்கத்தைத் தொடங்கி, பின்னாளில் பேராயரான அசரியா போன்றவர்கள் முன்னின்று, தங்கள் காசில் தெலுங்கு நாட்டுக்கு ஆள் அனுப்பினார்கள். பனங்காட்டு ஜனங்கள், பிடியரிசி எடுத்து வைத்துக் கொடுத்தவர்கள். பெற்றுக்கொண்டதைப் பக்கத்து வீட்டுக்குக் கொடுக்காமல் இருக்க முடியாதவர்களின் காரியம் அது. அந்திரேயா தன் சகோதரன் சீமோனிடம் ஓடியது "மேசியாவைக் கண்டோம்" என்று சொல்ல. சீமோன் செத்தால் எங்கே போவான் என்று அவன் கணக்குப் போட்டதாக யோவான் எழுதவில்லை.

என் விண்ணப்பம் சிறியது. கடிகாரத்தைக் கையிலேயே கட்டிக்கொள்ளுங்கள். வேதம் வெளிப்படையாகச் சொல்லாத இடத்தில், "எனக்குத் தெரியாது" என்று மேடையிலிருந்து ஒரு முறை சொல்லிப் பாருங்கள். சபை இடிந்து விழாது. கூட்டத்தில் எத்தனை பேர் முதல் தலைமுறை விசுவாசிகள், அவர்களுடைய பெற்றோர் எப்படி இறந்தார்கள் என்று மேடை ஏறுமுன் சேகரகுருவிடம் கேட்டுக்கொள்ளுங்கள். குருமார்களே, பேச்சாளருக்குப் பயணச்செலவையும் சாப்பாட்டையும் விசாரிக்கும்போது இதையும் ஒரு வரி சொல்லிவிடுங்கள்.

அந்தப் பெண்ணுக்கு என்ன சொன்னீர்கள் என்று கேட்கலாம். காப்பி ஆறிய பிறகு ஆதியாகமம் 18ஐ எடுத்து வாசித்தேன். சோதோமில் யார் யார் நீதிமான்கள் என்று ஆபிரகாமுக்குத் தெரியாது. ஐம்பதிலிருந்து பத்துவரை பேரம் பேசுகிறான். கையில் பட்டியல் இல்லாதவன் ஒரே ஒரு கேள்வியைப் பிடித்துக்கொண்டு நிற்கிறான்: "சர்வலோக நியாயாதிபதி நீதிசெய்யாதிருப்பாரோ?" உன் அம்மாவை எனக்குத் தெரியாது, அவருக்குத் தெரியும், உன்னைவிட அதிகமாகத் தெரியும் என்றேன். அவர் ஒன்றும் சொல்லாமல் தலையை ஆட்டினார். சமாதானமானாரா என்று எனக்குத் தெரியாது. அடுத்த இரண்டு மாதம் கோவிலில் அவரைக் காணவில்லை. பிறகு வரத் தொடங்கினார். கடைசி வரிசையில், தூணுக்குப் பக்கத்தில்.

இந்த வருடக் கூட்டத்துக்கு நோட்டீஸ் அடித்தாகிவிட்டது. போன ஞாயிற்றுக்கிழமை அவர் கையில் ஒன்றைக் கொடுத்து, மூன்று நாளும் வருவாயா என்று கேட்டேன். யார் பேசுகிறார் என்று கேட்டார்.

இப்படிக்கு,
கிறிஸ்துவுக்குள்,
ஒரு ஞாயிறு பள்ளி ஆசிரியை